முடுக்கு வழியே கொர்தோபா

மே 3, சனி

விமானத்தில் பக்கத்து சீட்டில் ஒரு சென்னைப் பெண். "ஹஸ்பண்டோட அங்கயே செட்டில் ஆகப் போறீங்களா?" என்று கேட்டாள். இல்லை, அவரைக் கூட்டிக்கொண்டு வரப் போகிறேன் என்றேன். விழித்தாள். காயல்பட்டினத்தில் நிக்காஹ் முடிந்தால் பெண் எங்கேயும் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருவார், வீடும் பெண் பெயரில்தான் இருக்கும் என்று விளக்கினேன். "ஓ, வீட்டோட மாப்பிள்ளையா?" என்று ஒரு மாதிரி சிரித்தாள். "எங்க ஊர்ல எல்லா மாப்பிள்ளையும் அப்படித்தான். வேற ரகம் எங்ககிட்ட கிடையாது" என்றேன். அதோடு அவள் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

ஆக, நான் வந்த காரியம் இதுதான். என் மாப்பிள்ளை மொகுதூம் ஸ்பெயினில் இந்தக் கொர்தோபாவில் ஒரு வெள்ளி நகைப் பட்டறையில் கல் பார்க்கிறார். எது நல்ல கல், எது பொய்க் கல், எந்த நகைக்கு எது பொருந்தும் என்று சொல்கிற வேலை. நிக்காஹ் முடிந்து ஒரு மாதம் எங்கள் வீட்டில் இருந்தார், லீவு முடிந்ததும் மறுபடி இங்கே விமானம் ஏறிவிட்டார். ஒரு வருஷமாகப் போனில்தான் குடும்பம். இந்த மாதத்தோடு வேலை ஒப்பந்தம் முடிகிறது. முதலாளி இன்னும் மூன்று வருஷம் இருக்கச் சொல்கிறாராம். பதினாறாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். "நீ வந்து ஊரப் பாரு. அப்புறம் பேசிக்கலாம்" என்று போனில் சொன்னார்.

உம்மா சொன்னது வேறு. "ரெண்டு வாரம் நல்லா சுத்திப் பாரு. வரும்போது மாப்புளயக் கையோட கூட்டிட்டு வா." குடும்ப விசா கிடைத்தும் பதினெட்டாம் தேதிக்கு ரிட்டர்ன் டிக்கெட் போட வைத்தது உம்மாதான். எங்கள் குடும்பத்தில் மாப்பிள்ளை இருக்கிற ஊருக்குக் குடிபோன பெண் ஒருத்திகூட இல்லை. அந்தப் பெருமையை நான் ஆரம்பித்து வைக்கவா?

கொர்தோபா ரயில் ஸ்டேஷனில் மாப்பிள்ளை நின்றார். போனில் பார்த்ததைவிட உயரம். போன் எல்லாரையும் குட்டையாக்கிவிடும் போல.

மே 4, ஞாயிறு

முதல் நாள் நடை. பழக்கதோஷம், அவர் முன்னே, நான் பின்னே. ஊர்க் கடைத்தெருவில் அப்படித்தான் போவோம். அவர் சும்மா சும்மா திரும்பிப் பார்த்தார். கடைசியில் நின்றேவிட்டார்.

"ஏன் பின்னாலயே வாற? நான் என்ன ஊர்வலமா போறேன்?"

"பழக்கம்."

"இங்க நம்மள யாரும் பாக்க மாட்டாங்க, புள்ள. பக்கத்துல வா."

பக்கத்தில் போனேன். சந்து அகலம் போதவில்லை, தோள் இடித்தது. முகமெல்லாம் சூடாகிவிட்டது. இந்த ஊர் வெயில் அப்படி.

பழைய ஊர் முழுக்க வெள்ளைச் சுவர், அடியில் மஞ்சள் பூச்சு, சுவரெல்லாம் நீலச் சட்டியில் செடி. அவர் போனில் வரைபடத்தை வைத்துக்கொண்டு என்னை ஒரே வளைவுக்கு அடியில் மறுபடி மறுபடி கூட்டி வந்தார். பொறுத்துப் பார்த்தேன். பிறகு போனைப் பிடுங்கி என் பையில் போட்டேன்.

எங்கள் ஊரில் முடுக்கு உண்டு. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் பெண்கள் மட்டும் போய்வருகிற குறுகிய பாதை. கடைத்தெருவை மிதிக்காமலே ஊரின் ஒரு மூலையில் இருந்து மறு மூலைக்குப் போய்விடுவோம். ஆண்கள் அதற்குள் கால் வைக்க மாட்டார்கள். எங்கே நிழல் திரும்புகிறது, எங்கே வெங்காயம் வதங்குகிற வாசம் வருகிறது என்று பார்த்து நடந்தால் வழி தானாக வரும். அப்படியே நடந்தேன். நேரே பெரிய பள்ளிவாசலின் மதிலுக்கு வந்துவிட்டோம்.

"மூணு வருஷமா இந்த ஊர்ல இருக்கேன். எனக்கு இந்த வழி தெரியாது" என்றார்.

"நீங்க முடுக்குல நடந்து வளரலயே" என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

மே 5, திங்கள்

கால் வீங்கிவிட்டது. செருப்பைக் குறை சொல்லவில்லை, கடிக்க வேண்டிய அளவு கடித்தது. அவர் பட்டறையில் இருந்து வரும்போது துணி ஷூ வாங்கி வந்தார். அளவு சரியாக இருந்தது. என் கால் அளவு இவருக்கு எப்படித் தெரியும் என்று ராத்திரி முழுக்க யோசித்தேன்.

மே 6, செவ்வாய்

மதியத்துக்கு மேல் அவருக்கு ஓய்வு. பெரிய பள்ளிவாசலுக்குள் போனோம். ஆயிரம் வருஷத்துக்கும் முன்னால் கட்டிய பள்ளி, இப்போது நடுவில் சர்ச் இருக்கிறது. உள்ளே காலெடுத்து வைத்ததும் நான் பேச்சை நிறுத்தினேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உம்மாவைக் கேட்டால் தெரியும். தூண், தூண், பார்க்கிற பக்கமெல்லாம் தூண். மேலே சிவப்பும் வெள்ளையுமாக வளைவுக்கு மேல் வளைவு. எவ்வளவு தூரம் போனாலும் முடிகிற மாதிரி இல்லை. தலை கிறுகிறுத்தது.

இங்கே தொழ அனுமதி இல்லை. நின்றபடியே மனதுக்குள் ஒரு துஆ கேட்டேன். என்ன கேட்டேன் என்று எழுத மாட்டேன்.

கண்ணைத் திறந்தால் ஆளைக் காணோம். ஒரு தூணுக்குப் பின்னால் சட்டை தெரிந்தது. நான் வேறு தூணுக்குப் பின்னால் போனேன். அவர் தேடினார். நான் அடுத்த தூணுக்கு நழுவினேன். முப்பது வயதுக்கு மேல் ஆன இரண்டு பேர் இப்படிக் கண்ணாமூச்சி ஆடினால் என்ன நடக்கும்? காவலாளி வந்து விரலை ஆட்டினார். வெளியே ஆரஞ்சு மர முற்றத்தில் வந்து உட்கார்ந்து, வயிறு வலிக்கிற வரை சிரித்தோம்.

கீழே கிடந்த ஒரு ஆரஞ்சை எடுத்துக் கடித்தேன். அடேயப்பா, நாரத்தங்காய் தோற்றுவிடும். ஊறுகாய் போட்டால் பிரமாதமாக இருக்கும் என்று சொன்னேன். "ஊர்ல இருந்து நல்லெண்ணெய் கொண்டு வந்தியா?" என்று உடனே கேட்டார். ஊறுகாய் ஊறும்வரை யார் இங்கே இருக்கப் போகிறார்கள்?

மே 7, புதன்

ஹோட்டலில் தக்காளியை அரைத்துக் குளிர வைத்த ஒரு கூழ். பன்றிக்கறி வேண்டாம் என்று அவர் ஸ்பானிஷில் தெளிவாகச் சொன்னார். சர்வர் தலையை ஆட்டிவிட்டு, மேலே பன்றிக்கறித் தூளைத் தூவிக் கொண்டு வந்தார். சர்வர் பார்வையில் அது கறி இல்லையாம், அலங்காரமாம். திருப்பி அனுப்பினோம். பிறகு கத்திரிக்காயை மெல்லிசாகச் சீவிப் பொரித்து, மேலே கருப்பட்டிப் பாகு மாதிரி ஒன்றை ஊற்றிக் கொடுத்தார்கள். கத்திரிக்காயில் பாகா என்று முகம் சுளித்த நான்தான் தட்டை வழித்தேன். ஒரே தட்டில் இரண்டு பேரும் சாப்பிட்டோம். ஊர் விருந்தில் சஹன் என்கிற பெரிய தட்டில் சேர்ந்து சாப்பிடுகிற மாதிரிதான், இதில் விசேஷம் ஒன்றும் இல்லை.

மே 8, வியாழன்

இன்று செய்த கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

இந்த வாரம் ஊரில் முற்றத் திருவிழா. வீடுகளைத் திறந்து வைத்து, பூச்செடி வைத்த முற்றத்தை யார் வேண்டுமானாலும் பார்க்க விடுகிறார்கள். வரிசையில் நிற்க எனக்குப் பொறுமை இல்லை. பக்கத்தில் ஒரு சின்னச் சந்து தெரிந்தது. நுழைந்தேன். அச்சு அசல் முடுக்கு. கால் தானாகப் போனது. கோடியில் ஒரு பின்வாசல், பாதி திறந்திருந்தது. நம் ஊரில் பின்வாசல் திறந்திருந்தால் தட்டுகிற வழக்கம் உண்டா? "லாத்தா" என்று, அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி, குரல் கொடுத்தபடி உள்ளே போய்விட்டேன்.

நடு முற்றத்தில் ஒரு அம்மா. ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் துண்டு, தலை முழுக்கக் கறுப்புச் சாயம். என்னைப் பார்த்து அவர் கத்தியிருக்கலாம். நான் ஓடியிருக்கலாம். இரண்டு பேரும் அதைச் செய்யவில்லை. "ஓலா" என்றார். நான் ஸலாம் சொன்னேன்.

அவர் மகள் இனெஸ் காலேஜில் படிக்கிறாள், ஆங்கிலம் தெரியும். நான் பி.ஏ. ஆங்கிலம். இந்த வீடு திருவிழாவில் சேரவில்லை, அது கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிற வாசல் என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்கு மானம் போயிற்று. ஆனால் அந்த அம்மா, பெயர் என்கார்னா, என்னை விடவில்லை. முன்னறையில் முடி வெட்டுகிற கடை, பின்னால் முற்றம், மேலே மாடி. ஆண் வாடையே இல்லாத வீடு. உயரத்தில் தொங்கும் சட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்ற, நீளமான கம்பு நுனியில் ஒரு தகர டப்பாவைக் கட்டி வைத்திருந்தார். என் கையில் கொடுத்தார். முதல் டப்பா தண்ணீர் என் தலையில் விழுந்தது. அடுத்தது அவர் தலையில். சாயம் ஒழுகியது. அப்புறம் எனக்குக் கை வந்துவிட்டது.

ஒரு மணி நேரம் போயிருக்கும். அப்போதுதான் மாப்பிள்ளை ஞாபகம் வந்தது. ஓடினேன். சந்தின் வாசலில், கொளுத்தும் வெயிலில், முகம் சிவந்து நின்றுகொண்டிருந்தார்.

"ஏன் உள்ள வரல?"

"முடுக்குல்ல" என்றார்.

"இது நம்ம ஊரா?"

"தெரியும். கால் வரமாட்டேன்னுச்சு."

"போன் பண்ணியிருக்கலாமே."

"போனு இன்னைக்கும் உன் பைக்குள்ளதான் இருக்கு."

ஒருவரை ஒருவர் பார்த்தோம். அப்புறம் சிரித்த சிரிப்பில் வரிசையில் நின்ற சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது.

மே 9, வெள்ளி

உம்மா போன். "மாப்புள என்ன சொல்றாஹ? கிளம்பிட்டாஹளா?" இன்னும் பேசவில்லை என்றேன். "அங்க போயி என்னதான் செய்ற?" என்று கேட்டார். நடக்கிறேன் என்றேன்.

மே 10, சனி

கைக்குட்டைச் சந்து என்று ஒன்று இருக்கிறது. நடுவில் இரண்டு பேர் சேர்ந்து போக முடியாத அளவு ஒடுக்கம். கோடியில் போனால் ஒரு துளி முற்றம், ஒரு நீரூற்று, ஒரு பெஞ்சு. ஆள் நடமாட்டம் இல்லை.

அங்கே நடந்ததை எழுத மாட்டேன்.

மே 12, திங்கள்

காலையில் அவர் வேலைக்குப் போனதும் நான் தனியாக நடந்தேன். ரொட்டிக்கடைக்காரர் என்னைப் பார்த்துக் கையாட்டினார். என்கார்னா வீட்டுக்குப் பின்வாசல் வழியாகப் போய்ச் செடிக்கெல்லாம் தண்ணீர் ஊற்றினேன். மாடியில் குடியிருந்த மாணவிகள் காலி செய்துவிட்டார்கள், அறை சும்மா கிடக்கிறது என்று இனெஸ் சொன்னாள். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஜன்னல் கிழக்குப் பார்த்து இருக்கிறது, அடுப்பு மூன்று பர்னர்.

சாயந்திரம் பழைய பாலத்தில் நின்றோம். கீழே ஆறு, பாழடைந்த நீர்ச்சக்கரம், மேலே பறவைக் கூட்டம். அவர் பாலத்தின் கல்லைத் தடவிக்கொண்டே நின்றார். இந்த ஊரில் எல்லாரிடமும் நின்று நின்று பேசுகிறார். ஜூஸ் போடுகிறவரிடம், லாட்டரி விற்கிறவரிடம், மூலை வீட்டுப் பூனையிடம்கூட. என்னைக் கூட்டிப்போய் ஒவ்வொருவருக்கும் காட்டுகிறார். ஆனால் கேட்க வேண்டிய ஒன்றை மட்டும் கேட்கவில்லை. "இருந்துடலாமா?" என்று ஒரு வார்த்தை. கேட்டால் முடியாது என்றுதான் சொல்லப் போகிறேன். ஆனாலும் கேட்பதில் என்ன கஷ்டம்? வாயில் என்ன கொழுக்கட்டையா?

மே 13, செவ்வாய்

இன்றும் கேட்கவில்லை. இரண்டு தட்டுக் கத்திரிக்காய் தின்றேன்.

மே 14, புதன்

நெய்ச்சோறும் கோழியும் ஆக்கி, பட்டறைக்கு நானே எடுத்துப் போனேன். சொல்லாமல் போய் அசத்தலாம் என்று எண்ணம். வரைபடம் இல்லாமல், சந்து சந்தாக.

உள்ளே எல்லாரும் வட்டமாக நிற்கிறார்கள். மேஜையில் கேக். முதலாளி ரஃபா பெரிய மீசைக்காரர், என்னைக் கண்டதும் இரண்டு கையையும் விரித்தார். என் மாப்பிள்ளை கல் பொட்டலம் வாங்க வெளியே போயிருந்தார். ரஃபா போனில் மொழிபெயர்ப்பைத் திறந்து ஸ்பானிஷில் பேசினார், அது தமிழில், செய்தி வாசிக்கிற பெண் குரலில் சொன்னது. "உங்கள் கணவரைப் போலக் கல் பார்க்கிறவர் எனக்குக் கிடைக்க மாட்டார். போக வேண்டாம் என்று கெஞ்சினேன். மனைவியின் வீட்டுக்குச் செல்ல வேண்டும் என்று மார்ச் மாதமே கூறிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை இருவருக்கும் ஒரே விமானம்தானே?"

கையில் சட்டி இருந்ததால் தப்பித்தேன், இல்லாவிட்டால் எங்கே பிடித்துக்கொள்வதென்று தெரிந்திருக்காது. வாசலில் அவர் வந்து நின்றார். என் முகத்தைப் பார்த்தார், கேக்கைப் பார்த்தார். நான் சிரித்துக்கொண்டே எல்லாருக்கும் சோறு பரிமாறினேன். உம்மா வளர்த்த வளர்ப்பு.

பாலத்துக்கு வந்ததும் கேட்டேன்.

"மார்ச்சுலயே முடியாதுன்னு சொல்லிட்டியளாம்."

"ம்."

"அப்ப என்கிட்ட பதினாறாம் தேதின்னு சொன்னது?"

"நீ மனசுல பாரம் இல்லாம சுத்திப் பாக்கணும்னுதான்."

"யாருகிட்ட கேட்டு முடிவு பண்ணினிய?"

"இதுல கேக்க என்ன இருக்கு? என் வாப்பா, என் உம்மா வீட்டுக்குப் போனாஹ. என் மூத்த காக்கா, மதினி வீட்டுக்குப் போனாஹ. நான் மட்டும் ஒரு பொண்ண அவ வீட்ட விட்டுக் கிளப்பிட்டு வந்தவன்னு பேரு வாங்கணுமா?"

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா?"

பாலத்துக் கல்லைத் தடவினார். "கேட்டா நீ சரின்னு சொல்லிருவியோன்னு பயம், மர்ழியா. சொல்லிட்டு, அப்புறம் வருஷம் பூரா உம்மாவ நினைச்சு அழுவ. அத என்னால பாக்க முடியாது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஜூஸ்காரர், லாட்டரிக்காரர், பூனை, பாலத்துக் கல். இத்தனை நாளும் இந்த மனிதர் ஊரைச் சுற்றிக் காட்டவில்லை. ஊரிடம் விடைபெற்று ஸலாம் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார். நான் பக்கத்திலேயே நடந்து, கிறுக்கி மாதிரி சிரித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

அழுதேன். நடுப்பாலத்தில், போகிற வருகிறவர்கள் பார்க்க, மூக்கைச் சிந்தி அழுதேன். கோபமாகவும் இருந்தது. அவரைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. வீட்டுக்கு வரும்வரை அவருக்கு முன்னேயும் நடக்கவில்லை, பின்னேயும் நடக்கவில்லை.

மே 15, வியாழன்

விடியலில் ஃபஜ்ரு தொழுதுவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. நான் இங்கே தங்கினால் உம்மாவுக்குத் தலைகுனிவு. வழக்கத்தை உடைத்தவள் என்று ஊரே பேசும். நான் போனால் இவர் கூட வருவார், ஒரு குறையும் சொல்ல மாட்டார், காயல்பட்டினத்தில் சும்மா உட்கார்ந்து சுவரைத் தடவிக்கொண்டிருப்பார். எப்படிப் போட்டுப் பார்த்தாலும் ஒரு ஆள் அழ வேண்டும்.

அப்புறம் யோசித்தேன். வழக்கம் என்னதான் சொல்கிறது? மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வர வேண்டும். சரி. பெண் வீடு காயல்பட்டினத்தில்தான் இருக்க வேண்டும் என்று எங்கே சொல்கிறது?

எழுந்து தலைகூட வாராமல் முடுக்கு வழியே ஓடினேன். என்கார்னா அப்போதுதான் கடை திறந்துகொண்டிருந்தார். மாடி அறை எனக்கு வேண்டும் என்றேன். "உங்கள் கணவருக்கா?" என்று இனெஸ் கேட்டாள். "எனக்கு. என் பேர்ல. அவர் வருவார், அது வேற விஷயம்." இனெஸ் அம்மாவிடம் சொன்னாள். எங்கள் ஊர் வழக்கத்தை இனெஸ் இதற்குள் சொல்லிவிட்டிருக்க வேண்டும். "இதுதான் முறை" என்று சொல்லி, என்கார்னா என் உள்ளங்கையில் சாவியை வைத்து மடக்கினார்.

மத்தியானம் அவருக்குச் சாவியைக் காட்டினேன். "இது என் வீடு. நாளன்னைக்கு சாயந்திரம் அஸரு தொழுகைக்குப் பொறவு மாப்புள பெட்டியோட வரணும். முதலாளிகிட்ட பேச வேண்டியது உங்க பொறுப்பு." அவர் கல் பார்க்கிற மாதிரி சாவியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு சிரித்தார். நிக்காஹ் அன்று ஃபோட்டோக்காரர் எவ்வளவு கெஞ்சியும் வராத சிரிப்பு.

"உம்மாவ நினைச்சு அழமாட்டியா?"

"அழுவேன். அதுக்கு ஒரு வீடு வேணும்ல?"

மே 16, வெள்ளி

ஜும்ஆவுக்கு முன் அவர் ரஃபாவைப் பார்க்கப் போனார். நான் அறையைக் கூட்டினேன், துடைத்தேன், மறுபடி கூட்டினேன். வேறு ஆள் வைத்துவிட்டால்? நேற்றே யாருக்காவது வாக்குக் கொடுத்திருந்தால்? கம்பு டப்பாவால் ஊற்றியதில் ஒரு செடி செத்தே போயிருக்கும், அவ்வளவு தண்ணீர்.

திரும்பி வந்தார். ரஃபா முதலில் கத்தினாராம். பிறகு மீசையைத் துடைத்துக்கொண்டு கட்டிப் பிடித்தாராம். மூன்று வருஷம். ஆனால் வழியனுப்ப வாங்கிய கேக் காசை நாங்கள்தான் கொடுக்க வேண்டுமாம்.

சாயந்திரம் உம்மாவிடம் சொன்னேன்.

"நாளைக்கு மாப்புள பொண்ணு வீட்டுக்கு வாராஹ, உம்மா."

"டிக்கெட்டு ஞாயித்துக்கிழமைல்ல?"

"இங்க நான் எடுத்திருக்கிற வீட்டுக்கு."

"ஊரு கேட்டா நான் என்ன சொல்ல?" என்றார்.

"மாப்புள பொண்ணு வீட்டுலதான் இருக்காஹன்னு சொல்லுங்க. பொய்யா?"

உம்மா போனை வைத்துவிட்டார்.

மே 17, சனி

காலையில் இருந்து உம்மா எடுக்கவில்லை. தங்கச்சி எடுத்து, "உம்மா அறைய விட்டு வெளிய வரல, லாத்தா" என்று சொல்லி வைத்துவிட்டாள். டிக்கெட் இன்னும் கையில் இருக்கிறது. உம்மா வா என்று ஒரு வார்த்தை சொன்னால் நாளைக்கு நான் ஏறிவிடுவேன். அது எனக்கே தெரியும்.

அஸர் தாண்டியது. மாடி ஜன்னலில் நின்றேன். தெருவில் அவர் வந்தார். வெள்ளைச் சட்டை, தொப்பி, கையில் பெட்டி. ஜூஸ்காரர் கூடவே வந்து இன்னொரு பெட்டியைத் தூக்கிக்கொண்டிருந்தார். முன்வாசலில் என்கார்னா புது முடி அலங்காரத்தோடு நின்று வழிவிட்டார். இனெஸ் பூ எறிந்தாள், அது அவளாகச் சேர்த்த வழக்கம். படியேறி வந்தார். நான் ரோஸ் ஷர்பத்தை நீட்டினேன். வாங்கிக் குடித்தார்.

போன் அடித்தது. வீடியோ. உம்மா. கண் வீங்கியிருந்தது. தலையில் நல்ல துப்பட்டி, விசேஷத்துக்குப் போடுவது. நான் போனைத் திருப்பி அறையைக் காட்டினேன். ஜன்னலைக் காட்டினேன். அடுப்பைக் காட்டினேன். பெட்டியை இன்னும் கீழே வைக்காமல் நிற்கிற அவரைக் காட்டினேன்.

"உட்காரச் சொல்லு" என்றார் உம்மா. "எம்புட்டு நேரமா நிக்க வச்சிருக்க? வீட்டுக்கு வந்த மாப்புளைக்கு என்ன ஆக்கி வச்சிருக்க?"

கத்திரிக்காய் என்றேன்.

"வெறும் கத்திரிக்காயா? மொத நாளு?" என்று உம்மா திட்ட ஆரம்பித்தார். திட்டி முடிக்க ரொம்ப நேரம் ஆனது. நான் அழுதுகொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.